பத்து மீட்டருக்குள் யாருமில்லை

பச்சை வந்துவிட்டதுதான் பியூலாவுக்குப் பிடிக்கவில்லை. சிவப்பு வந்திருந்தால் நிம்மதியாக ஒரு வாய் காப்பி குடித்திருப்பாள். சிவப்பு என்றால் எங்கே இடிக்கிறது என்று மடிக்கணினியே சொல்லிவிடும். இன்ன விதியை, இன்ன இடத்தில், இன்ன விதமாக ட்ரோன் மீறுகிறது என்று கையைப் பிடித்துக் காட்டும். பச்சைக்கு அந்தப் பேச்செல்லாம் கிடையாது. எல்லாம் சரி என்பதோடு வாயை மூடிக்கொண்டு ஊமைக் கோட்டானாக உட்கார்ந்திருக்கும். ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில், ஜீப்பின் பின்கதவைத் திறந்துபோட்டுக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள் அவள். மடியில் கணினி, திரையில் பச்சை. எதிரே தார்ப்பாயின் மேல் ட்ரோன், வயிறு நிறைய மருந்துத் தண்ணீரோடு, ஆறு கைகளையும் விரித்துக்கொண்டு கிடந்தது. தென்னைக்கு வெள்ளை ஈ. ஓலையெல்லாம் கறுத்துப்போயிருந்தது. மேலேயிருந்து மருந்தடித்தால் போகும் என்று இவர்களைக் கூட்டி வந்திருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொஞ்சம் தணியட்டும் என்று எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். காற்று தணிந்ததும் இவள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தினால்தான் அது எழும்பும். அதுதான் அவள் உத்தியோகம். ட்ரோன் எப்படிப் பறக்கலாம், எப்படிப் பறக்கக் கூடாது என்பதை நாம் பேசுகிற பேச்சில் எழுதிவைத்தால் ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். கொஞ்சம் தள்ளிப் பற என்றால் எவ்வளவு கொஞ்சம், யாரிடமிருந்து தள்ளி? அதனால் அதற்கென்றே கணக்குப் போலக் கறாராய் ஒரு மொழி. வழவழா கொழகொழா எல்லாம் அதில் செல்லாது. அந்த மொழியில் விதிகளை எழுதி, பறக்கப்போகும் பாதையையும் சேர்த்துக் கணினியிடம் கொடுத்தால், விதி மீறப்பட ஒரே ஒரு வழியாவது இருக்கிறதா என்று சந்து பொந்தெல்லாம் தேடிப்பார்க்கும். ஒரு வழியும் இல்லையென்றால் பச்சை. இல்லையா? ஒன்றுகூடவா இல்லை? முதல் தடவையிலேயேவா? ஏ அம்மா, இது எங்கேயோ உதைக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

போன மாதம் கடலைக் காட்டில் பட்ட பாடு அவளுக்குத்தானே தெரியும். களையெடுக்கிற பெண் ஒருத்தி இரண்டு எட்டு நகர்ந்தாலும் சிவப்பு, ஆடு மேய்க்கிறவன் வரப்பில் நின்றாலும் சிவப்பு. சிபி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சிபிதான் கம்பெனி முதலாளி. உடுமலைப் பையன், இவளைவிடப் பத்து வயது சின்னவன், வாயைத் திறந்தால் மேடம் மேடம் என்று தேனாய் ஒழுகும். அவன்தான் நேற்றுச் சாயங்காலம், "மேடம், நாளைக்கு எப்படியாச்சும் பறந்தாகோணுமுங்க, சுத்துப்பட்டுத் தோட்டத்துக்காரங்க எல்லாம் பாக்க வர்றாங்க" என்றான். எப்படியாச்சும் என்றால்? அந்த வார்த்தையை அவள் ராத்திரி படுக்கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எப்படியாவது என்றால் எப்படியும்தானே, எந்த வழியிலும்தானே? விதியில் பத்து என்று இருப்பதை யாராவது இரண்டு என்று மாற்றினால்கூடப் பச்சை வந்துவிடும். மாற்றுவதற்குத் தெரிந்தவன் முகிலன் ஒருத்தன்தான். இவளோடு உட்கார்ந்து விதி எழுதுகிறவன். அவனுக்கு இன்றைக்குக் காய்ச்சலாம், வரவில்லை. நேற்று மத்தியானம் மூன்று பரோட்டாவைச் சால்னாவில் குளிப்பாட்டிச் சாப்பிட்டவனுக்கு எப்பேர்ப்பட்ட காய்ச்சல் அது? சரியாக இன்றைக்குப் பார்த்து வருகிற காய்ச்சல்? அதோ சிபி, மரத்தடியில் போனில் குசுகுசுவென்று பேசுகிறான், இவள் பார்த்ததும் சிரிக்கிறான். எதுக்கு இம்புட்டுச் சிரிக்கான்? என்னத்தையோ மறைக்கான். அம்மாவும் இப்படித்தான். பாளையங்கோட்டையில் பால்காரர் சைக்கிளை நிறுத்தி மணி அடித்ததுமே அம்மா தம்ளரும் கையுமாகப் போய் நிற்பாள், ஒரு சொட்டை நகத்தில் விட்டு ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள், அவர் மூஞ்சியையும் பார்ப்பாள். "பாலப் பாக்காதட்டீ, ஆளப் பாரு" என்பாள். பியூலா ஆளைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தாள். டேனியல்கூடச் சொல்வான், உன்னைக் கட்டிக்கிட்டதுக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல குடியிருந்திருக்கலாம் என்று. சொல்லிக்கொள்ளட்டும், சந்தேகப்படுவதற்குத்தான் மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள்.

காற்று இன்னும் அடங்கவில்லை. மட்டைகள் ஒன்றோடொன்று உரசிச் சரசரத்தன. சிபி ஒலிபெருக்கியை எடுத்து, "தோட்டத்துக்குள்ள ஆளு யாராச்சும் இருந்தா வெளிய வந்துருங்க, மருந்து அடிக்கப் போறோம்" என்று நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கத்தினான். எங்கேயோ ஒரு நாய் குரைத்தது, அவ்வளவுதான். தோட்டத்துக்காரர் கந்தவேலு வாய்க்கால் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். "ஏங்க, உள்ள ஆளு..." என்று பியூலா ஆரம்பிப்பதற்குள், "அட, ஒருத்தருமில்லீங்க அம்மணி, இன்னிக்கு வேலைக்கே யாரையும் வரவேண்டாம்னுட்டேனுங்க" என்றார். கேள்வி முடியுமுன்னே பதில். யார் அப்படிப் பதில் சொல்வார்கள்? பதிலை முன்னாலேயே எடுத்துவைத்துக்கொண்டு நிற்கிறவர்கள்தான் சொல்வார்கள். முகத்தைத் துண்டால் துடைத்தார். இந்தக் காற்றில் வேர்வையாம். சிபியும் இவரும் கூட்டா? அப்படி என்ன கூட்டு இருந்துவிட முடியும், மருந்து அடித்தால் ஈ போகும், அவ்வளவுதானே? அவ்வளவுதானா? அவள் திரையைப் பார்த்தாள். பச்சை. சவத்தைத் தள்ளு, அழுத்திவிட்டு வீட்டுக்குப் போவோம் என்று ஒரு மனது. அழுத்தினபிறகு ஒன்று ஆகிவிட்டால் என்று இன்னொரு மனது. ஒன்று ஆவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் கம்பெனிக் கொல்லையில் சோதித்துப் பார்த்தபோது காற்று தள்ளி, சுழல்கிற விசிறிகளோடு ட்ரோன் ஒரு வாழை மேல் போய் விழுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. போய்ப் பார்த்தால் இடுப்புப் பருமன் வாழை, அரிவாள்மனையில் வைத்து நறுக்கினது போல, தண்ணீர் கொட்டிக்கொண்டு நின்றது. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். இவள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். இப்போதும் தடவினாள்.

விதியை மறுபடி படித்தாள். எப்போதும், எந்த ஆளுக்கும் ட்ரோனுக்கும் நடுவே பத்து மீட்டருக்குக் குறையாத தூரம். பத்துதான். யாரும் இரண்டாக்கவில்லை. எப்போதும் என்பது எப்போதும்தான், பெரும்பாலும் என்று அந்த மொழியில் ஒரு வார்த்தையே கிடையாது. அதுதான் அவளுக்கு அதில் பிடித்தது. மனுசர் சொல்கிற எப்போதும், மனுசர் சொல்கிற ஒருபோதும் எல்லாம் அவளுக்குத் தெரியாததா? டேனியல் எப்போதும் ஏழு மணிக்கு வந்துவிடுவேன் என்பான். ஒருபோதும் உங்க அம்மாவைப் பற்றிப் பேச மாட்டேன் என்பான், அப்புறம் அதைத்தான் பேசுவான். அந்த மொழியில் 'வரை' என்றும் ஒன்று உண்டு; படிக்கிற காலத்தில் அவளை ஆட்டிவைத்தது அதுதான். இது நடக்கும்வரை அது நிற்கும் என்று எழுதினால், இது நடந்தே தீரும் என்றும் சேர்த்து எழுதினதாகத்தான் கணக்கு. கோயிலில் பாதிரியார் மரணம் பிரிக்கும் வரை என்று சொல்லச் சொன்னபோது, பட்டுப்புடவைக்குள்ளே அவளுக்குக் குப்பென்று வேர்த்தது. எல்லாரும் புதுப்பெண் வெட்கப்படுகிறாள் என்று நினைத்தார்கள். இவளோ, அடப்பாவமே, அப்படியென்றால் செத்தே தீருவோம் என்றும் சேர்த்துத்தானே கையெழுத்துப் போடுகிறோம் என்று நினைத்தபடி டேனியலின் மூஞ்சியைப் பார்த்தாள், இவனுக்கு இது தெரிந்திருக்குமா என்று. அவன் பந்தியில் மட்டன் பத்துமா என்று மாமாவைக் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது எதற்கு இந்த நினைப்பு? பத்து மீட்டர். பத்து மீட்டருக்குள் யாருமில்லை. பச்சை அதைத்தான் சொல்கிறது. சொல்கிறதை நம்பினால் என்ன கேடு?

நம்ப முடியாது, அதுதான் கேடு. நேற்றிலிருந்து இன்றைக்குள் கணினியில் யார் எதைத் தொட்டார்கள் என்று பார்க்க வழி உண்டு, பார்த்தாள். முகிலன் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றியிருந்தான். கிடைச்சானா? கை பரபரத்தது. பறக்கும் உயரம். கடலைக் காட்டில் நாலு மீட்டர், தென்னைக்கு இருபது மீட்டர். அவ்வளவுதான். தென்னைக்கு மேலே பறக்க வேண்டுமென்றால் உயரத்தை ஏற்றாமல் என்ன செய்வான்? நியாயமான மாற்றம், இவளே சொல்லித்தான் செய்திருக்கிறான். பாவம், அவனுக்கு நிஜமாகவே காய்ச்சல்தான் போலிருக்கிறது. சால்னாதான் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட ஏமாற்றமாக இருந்தது. கையும் களவுமாகப் பிடிக்கப்போன இடத்தில் திருடனே இல்லையென்றால் பிடிக்கப்போனவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? "மேடம், காத்து அடங்கிருச்சுங்க, அழுத்திரலாமுங்களா?" என்று சிபி கூப்பிட்டான். சுற்றுத் தோட்டத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வேலி ஓரம் வந்து நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு நிமிஷம்" என்றாள். எதற்கு ஒரு நிமிஷம்? திருடன் இல்லை, பச்சை இருக்கிறது, இன்னும் என்ன? ஆனால் எங்கேயோ உதைத்தது இன்னும் உதைத்துக்கொண்டுதான் இருந்தது. வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு அவள் ஒரு கதை சொல்வாள்: எங்க வீட்டிலே இருக்கிற யானையெல்லாம் வெள்ளை யானை. பொய் என்று காட்டு பார்ப்போம். காட்ட முடியாது, ஏனென்றால் கறுப்பு யானை ஒன்றையாவது எங்கள் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வர வேண்டும், எங்கள் வீட்டில் யானையே இல்லை. அந்த மொழியில் அது உண்மைதான். பச்சைதான் வரும். அதனால் பச்சை வந்தால் முதலில், யானை இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் சந்தோஷப்படுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். இங்கே யானை எது? எது இருந்தால் இந்தப் பச்சை சிவப்பாகும்? பத்து மீட்டருக்குள் ஓர் ஆள். ட்ரோன் இருபதில் பறக்கிறது. அப்படியென்றால் ஆள் பத்துக்கு மேலே இருக்க வேண்டும். தரையில் எவன் நின்றாலும், எத்தனை பேர் நின்றாலும், ஊரே திரண்டு தோப்புக்குள் படுத்துக் கிடந்தாலும் இந்த விதி பச்சைதான் காட்டும், உயரமே தூரத்தைக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் முதல் தடவையிலேயே பச்சை. அவ்வளவு சுலபம். சரி, ஆள் என்றால் என்ன என்று அந்த மொழியில் எழுதியிருக்கிறோம்? தேடி எடுத்தாள். ஆள் என்பது தரையில் ஒரு புள்ளி. கடலைக் காட்டுக்கு எழுதினது. கடலைக் காட்டில் ஆள் வேறெங்கே நிற்பான்? அங்கே அது சத்தியமாகச் சரி. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் தூங்கவில்லை, எல்லாரும் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறார்கள். இனி பார்ப்பதற்கு யாருடைய மூஞ்சியும் இல்லை.

அவள் தலையைத் தூக்கினாள். காலையிலிருந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். திரை, சிபி, கந்தவேலு, வேலி, எல்லாம் கீழே. மேலே மரங்கள், கறுத்த ஓலைகள், குலைகள், அதற்கு மேலே வானம். ஜீப்புக்குப் பக்கத்து மரத்தில் அடியிலிருந்து மேல்வரை தேங்காய் மட்டைகளைக் கயிற்றால் இறுக்கிப் படிப்படியாகக் கட்டியிருந்தது. அதன் தூரில், வாய்க்கால் ஈரத்தோடு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஈரம். "இது யாரு செருப்புங்க?" கந்தவேலு செருப்பைப் பார்க்கவில்லை, சிபியைப் பார்த்தார். "அது... பழசுங்க." "பழசுன்னா எப்படி ஈரமா இருக்கும்?" "தண்ணி பாய்ச்சுனமுங்க." மேடம், எல்லாரும் பாக்கறாங்க, காத்து மறுக்கா வந்துருமுங்க என்று சிபி கிட்டே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். இன்றைக்குத்தான் முதல் தடவையாக அவன் சிரிக்காமல் பேசினது. அவள் கணினியை ஜீப்பில் வைத்துவிட்டு மரத்தடிக்குப் போனாள். புளிப்பாய் ஒரு வாசனை. "மேல யாருங்க?" இன்னும் சத்தமாக, "மேல யாராவது இருக்கீங்களா?" ஒரு குருவிகூட அசையவில்லை. வேலி ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். ஒலிபெருக்கியில் அத்தனை கத்தியும் வாய் திறக்காதவன் இவள் கூப்பிட்டால் திறப்பானா, இருந்தால்தானே திறப்பான், இல்லாத யானையைத் தேடி ஊர் சிரிக்க நிற்கிறேனா, இல்லை, இருக்கிறான், இருந்துகொண்டே பேசாமலிருக்கிறான் என்றால் ஏன் பேசாமலிருக்கிறான், யாருக்குப் பயந்து? அவள் தன்னைப் பார்த்தாள். காக்கிப் பேண்ட், வெயிலுக்குத் தொப்பி. பின்னால் வெள்ளை ஜீப், மேலே கொம்பு போல நீட்டிக்கொண்டு ஓர் ஆன்டெனா. கையில் ஒலிபெருக்கியோடு ஒருத்தன், வெளியே வா என்கிறான். அந்தப் புளிப்பு வாசனை மறுபடி வந்தது, இப்போது அவளுக்கு அது என்னவென்று தெரிந்தது. "நாங்க போலீஸ் இல்லைங்க," என்று கத்தினாள், "கள்ளுப் பிடிக்க வரலை. ஈ மருந்து அடிக்க வந்திருக்கோம். நீங்க அங்க இருந்தா நான் இதை அழுத்த மாட்டேன். கீழ வரவேண்டாம், இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்." அப்புறம் அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டாள். சிபி, ஐயோ மேடம் என்றான்.

மேலேயிருந்து ஓலைக்குள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள். "அம்மணி," என்றது குரல், "மெய்யாலுமே போலீசு இல்லீங்களா?"

"டேய் மாகாளி!" கந்தவேலுவின் கையிலிருந்து ஒரு போன் கீழே விழுந்தது. "நீ அப்பவே வேலி தாண்டி ஓடியிருப்பேன்னு நெனச்சனேடா!"

"எங்கீங்க ஓடறது, ஜீப்பக் கொண்டாந்து மரத்தடியிலயே நிறுத்திப்புட்டீங்க."

மட்டை மட்டையாகக் கால் வைத்து அவன் இறங்கினான். நாற்பது வயது இருக்கும். இடுப்பில் பாளை சீவுகிற கத்தி, முதுகில் சுரைக்குடுவை. அத்தனை நேரம் அசையாமல் குந்தியிருந்ததில் இரண்டு தொடையும் மரத்துப்போயிருந்தன. தரைக்கு வந்ததும் நிற்க முடியாமல் பியூலாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் கழுத்து மெலிந்து, நரம்பு தெரிய, வேர்வையில் மினுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு வாழைமரம் கண்ணுக்குள் வந்துவிட்டது, அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அழுதுவிட்டாள். "அழுகாதீங்க அம்மணி, நானென்னுங்க பண்ணுனேன்" என்று அவன் பயந்துபோய்ச் சொன்னான்.

அப்போது நாலு வரிசை தள்ளி இன்னொரு மரத்தின் உச்சியிலிருந்து, "அண்ணா, அப்ப நானும் எறங்கட்டுங்களா?" என்று ஒரு குரல் கேட்டது.

வேலி ஓரத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் போனைக் கீழே இறக்கினார்கள். சிபி ஓடிப்போய் ட்ரோனின் பேட்டரியைக் கழற்றினான். பேட்டரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோப்பின் அந்தக் கடைசிவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, கந்தவேலுவிடம் திரும்பினான்.

"இன்னும் எத்தனை பேருங்க?" என்றான்.

கந்தவேலு கையை முன்னால் நீட்டி, ஒவ்வொரு விரலாக மடக்கத் தொடங்கினார்.